எடைக்கல்லின் இடத்தில் ஒரு குரல்: சிறு துணைக்கோளங்களின் வரலாறு



1961ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்திலுள்ள வாண்டன்பர்க் ஏவுதளத்திலிருந்து ஓர் உளவுத் துணைக்கோளம் ஏவப்பட்டது. ஏவுகலத்தின் எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்க, இத்தகைய பயணங்களில் உலோகத் துண்டுகளை எடைக்கல்லாகச் சேர்த்து அனுப்புவது உண்டு. அன்று அந்த எடைக்கற்களுள் ஒன்றை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 4.5 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெட்டியை வைத்துக்கொள்ள விமானப்படை இசைந்தது. அப்பெட்டியைச் செய்தவர்கள் அரசாங்க அறிவியலாளர்கள் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்து, மாலையிலும் வார இறுதியிலும் தத்தம் வீட்டுக் கார்க்கொட்டகைகளில் கூடிய வானொலி ஆர்வலர்கள். பெட்டியை ஏவுகலத்திலிருந்து வெளியே தள்ளுவதற்கு அவர்கள் பயன்படுத்திய சுருள்வில், ஒரு பல்பொருள் அங்காடியில் ஒன்றேகால் டாலருக்கும் குறைவான விலைக்கு வாங்கப்பட்டது.

ஆஸ்கார் 1 என்று பெயரிடப்பட்ட அப்பெட்டிக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் நான்கு புள்ளிகள், பின் இரண்டு புள்ளிகள்: ‘ஹாய்’. தந்தியாளர் வழக்கில் அது வாழ்த்தும் ஆகும், சிரிப்பும் ஆகும். பெட்டியின் உட்புற வெப்பம் கூடக் குறைய, அச்சொல்லை அது உச்சரிக்கும் வேகமும் மாறியது. ஆகவே, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர் எவரும் அப்பெட்டியின் உட்புற வெப்பநிலையைக் கணக்கிட முடிந்தது. மின்கலம் தீரும்வரை 22 நாள்கள் அது பேசியது. 28 நாடுகளைச் சேர்ந்த 570க்கும் மேற்பட்டோர் அதைக் கேட்டுப் பதிவு செய்து அனுப்பினர். ஐம்பது நாள் கழித்து வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது.

பெரிய ஏவுகலத்தில் பிறர் விட்டுவைத்த மூலையில் ஏறிக்கொண்டு, கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு விண்ணுக்குச் செல்வது என்ற பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது. இன்று நான் சொல்லப்போவது அந்தப் பழக்கத்தின் வரலாறு.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொழி மன்றத்தின் மேடையில் அதைத் தவிர்ப்பதற்கில்லை. தமிழகத்தார் ‘செயற்கைக்கோள்’ என்பதை நம் நாளிதழ்களும் வானொலியும் ‘துணைக்கோளம்’ என்று வழங்கிவருகின்றன. இரண்டும் நல்ல சொற்களே. ஆனால், சிறிய துணைக்கோளத்தைச் ‘சிறுகோள்’ என்று சுருக்கிவிட முடியாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே திரியும் பாறைகளுக்கு அப்பெயர் ஏற்கெனவே போய்விட்டது. எனவே ‘சிறு துணைக்கோளம்’ என்றே இங்கு வழங்குகிறேன். மாணவர்கள் தேர்வில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.

விண்வெளி யுகத்தின் முதல் கலங்கள் சிறியவையாகவே இருந்தன என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 1957இல் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் 1 ஏறத்தாழ 84 கிலோகிராம். 1958 மார்ச்சில் அமெரிக்கா ஏவிய வான்கார்டு 1 ஒன்றரைக் கிலோகிராம்கூட இல்லை; அது பேசுவதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகியும் இன்றும் பூமியைச் சுற்றுகிறது. அந்தச் சிறுமை விரும்பி ஏற்றதன்று. ஏவுகலங்களுக்கு வலிமை போதவில்லை, அவ்வளவுதான். வலிமை கூடியதும் கலங்களும் பெருத்தன. 2002இல் ஐரோப்பியர் ஏவிய என்விசாட் எட்டு டன் எடையுடையது.

இப்பெருக்கத்தில் ஒரு சுழல் உண்டு. கலம் விலை உயர்ந்ததாக இருப்பதால் அது பழுதாகக் கூடாது. பழுதாகக் கூடாது என்பதால் ஒவ்வோர் உறுப்புக்கும் மாற்றுறுப்பு வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பன்முறை சோதிக்கிறார்கள். அதனால் எடையும் காலமும் கூடுகின்றன. எடை கூடினால் பெரிய ஏவுகலம் வேண்டும். அதன் கட்டணம் கூடியதும், ‘இவ்வளவு செலவழித்து அனுப்பும் கலத்தில் இன்னும் இரண்டு கருவிகளைச் சேர்த்தால் என்ன?’ என்ற எண்ணம் எழுகிறது. விலை மேலும் ஏறுகிறது. பத்தாண்டு உழைத்து ஒரு கலம் செய்யும்போது, அதிலுள்ள கணினி, ஏவப்படும் நாளில் பழம்பொருளாகிவிடுகிறது. வல்லரசுகள் இச்சுழலில் விரும்பியே சுற்றின. மற்ற நாடுகள் வெளியே நின்று பார்த்தன.

இச்சுழலை அறுக்கலாம் என்று முறையாகக் காட்டியது இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம். 1970களின் இறுதியில் அங்கு ஆய்வு மாணவராக இருந்த மார்ட்டின் சுவீட்டிங் என்பவரும் ஒரு சிறு குழுவினரும் ஓர் எளிய வினாவை எழுப்பினர். நுண்செயலிகள் கடைகளுக்கு வந்துவிட்டன; வீட்டுக் கணினியில் உழைக்கும் சில்லு விண்ணில் ஏன் உழைக்காது? அவர்கள் கட்டிய யூஓசாட் 1 என்னும் 52 கிலோகிராம் கலம், 1981 அக்டோபர் 6ஆம் நாள் நாசாவின் ஓர் அறிவியல் துணைக்கோளத்தோடு உடன்பயணியாகச் சென்றது. பூமியிலிருந்து புதிய நிரலை அனுப்பி மாற்றியமைக்கக்கூடிய கணினி அதில் இருந்தது. அந்நாளில் அது அரிது.

ஆறு மாதத்தில் அக்கணினியே இடையூறாயிற்று. 1982 ஏப்ரலில், நிரலில் நேர்ந்த ஒரு பிழையால் கலத்தின் இரண்டு ஒலிபரப்பிகளும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கின. தன் குரலே தன் காதை அடைத்துவிட்ட நிலை. கட்டளைகளை வாங்கும் ஏற்பிகள் இரண்டும் அந்த இரைச்சலில் செவிடாயின. ‘ஒலிபரப்பை நிறுத்து’ என்று சர்ரேயிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கலம் பேசிக்கொண்டே இருந்தது. கோடை முழுவதும் இவ்வாறே கழிந்தது. பெரிய அமைப்பாக இருந்திருப்பின் அதைக் கைவிட்டு அறிக்கை எழுதியிருக்கும். இவர்கள் ஸ்டான்ஃபர்டுக்கு அருகிலிருந்த 46 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தட்டின் உதவியைக் கேட்டுப் பெற்றனர். அதன் வலிமை மிக்க கட்டளை செப்டம்பரில் அந்த இரைச்சலையும் ஊடுருவிச் சென்றது. கலம் அடங்கியது, பின் 1989 வரை ஒழுங்காகப் பணிசெய்தது.

மலிவு என்பதன் பொருளை நான் இந்நிகழ்ச்சியிலிருந்தே விளங்கிக்கொள்கிறேன். மலிவான கலம் பழுதாகாத கலம் அன்று. பழுதானால் தாங்கிக்கொள்ளக்கூடிய, பழுதுநீக்கக் கற்றுக்கொள்ளக்கூடிய கலம். இவ்வேறுபாட்டை மறந்து, மலிவும் வேண்டும், பெரிய கலத்திற்குரிய உறுதியும் வேண்டும் என்று கேட்ட திட்டங்கள் பின்னாளில் பல இடங்களில் தடுமாறின. 1990களில் நாசா தானே மேற்கொண்ட ‘விரைவு, மேன்மை, மலிவு’ என்னும் கொள்கைக்கும் இது நேர்ந்தது. 1997இல் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கி உலகை மகிழ்வித்தது. 1999இல் செவ்வாய்க்குச் சென்ற இரண்டு கலங்கள் அடுத்தடுத்து அழிந்தன. அவற்றுள் ஒன்று, ஒரு குழு பவுண்டு அளவையிலும் மற்றொரு குழு நியூட்டன் அளவையிலும் கணக்கிட்டதால் அழிந்தது. அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைக்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

சர்ரேக் குழு தன் இரண்டாவது கலத்தை ஏறத்தாழ ஆறே மாதத்தில் கட்டியது. 1984 மார்ச் முதல் நாள் ஏவப்பட்ட யூஓசாட் 2இல் எண்களையும் சில சொற்களையும் மனிதக் குரலில் ஒலிக்கும் ஒரு சில்லு இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எளிய வானொலிப் பெட்டியில் கேட்டு எழுதிக்கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம். 1988இல் சோவியத், கனடிய நாட்டினர் பதின்மூவர் வடதுருவத்தின் வழியே பனிச்சறுக்கு மட்டைகளில் உறைகடலைக் கடந்தனர். வெண்பனிப் பரப்பில் தாம் நிற்கும் இடத்தை அறிவது அவர்களுக்கு உயிர்நாடி. அவர்கள் ஏந்திய அபாய அறிவிப்புக் கருவியின் சமிக்ஞையை மீட்புத் துணைக்கோளங்கள் கேட்டு, அவர்களுடைய இருப்பிடத்தைக் கணித்தன. அந்த எண்கள் சர்ரேக்குச் சென்றன. அங்கிருந்து யூஓசாட் 2க்கு ஏற்றப்பட்டன. அது துருவத்தின் மேல் கடக்கும்போதெல்லாம் அந்த எண்களை வாய்விட்டுப் படித்தது. பனியில் நின்றவர்களுக்குக் கணினி தேவைப்படவில்லை, ஒரு கைவானொலி போதுமாயிருந்தது. அதே குரலைத் தம் பள்ளிகளில் இருந்து கேட்ட மாணவர்கள், சுவரில் மாட்டிய படத்தில் பயணிகளின் பாதையைக் குறித்துக்கொண்டு வந்தனர். வகுப்பறைக்கென்று வைத்த ஒரு கருவி பனிப்பாலையில் வழிகாட்டிற்று.

1985இல் நூறு பவுண்டு முதலோடு சர்ரேயார் ஒரு நிறுவனம் தொடங்கினர். அது விற்றது கலங்களை மட்டுமன்று, கலம் கட்டும் கல்வியையும்தான். ஒரு நாடு தன் இளம் பொறியாளர்களை அனுப்பும். அவர்கள் சர்ரேயாரோடு சேர்ந்து ஒரு கலத்தைக் கட்டிக்கொண்டே படிப்பார்கள். ஊர் திரும்பி அடுத்ததைத் தாமே கட்டுவார்கள். கொரியா அவ்வாறு மாணவர்களை அனுப்பியது. 1992 ஆகஸ்டில் கிட்சாட் 1 ஏவப்பட்டது. கொரிய மொழியில் அதற்கு ‘நம் விண்மீன்’ என்று பொருள்படும் பெயர் வைத்தனர். மறுஆண்டே கிட்சாட் 2 கொரியாவில் கட்டப்பட்டு விண்ணுக்குச் சென்றது. அக்குழுவினர் சிலர் 1999இல் சொந்த நிறுவனம் அமைத்தனர்.

நம் வட்டாரமும் இதே பள்ளியில் சேர்ந்தது. 1999 ஏப்ரலில் ஏவப்பட்ட யூஓசாட் 12இல், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பங்குகொண்டு செய்த தொலைத்தொடர்புக் கருவி இருந்தது. மெர்லயன் என்று அதற்குப் பெயர். 2000 செப்டம்பர் 26ஆம் நாள் மலேசியாவின் தியோங்சாட் 1 பைக்கனூரிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையுள்ள கலம். மலேசியப் பொறியாளர்கள் சர்ரேயில் தங்கிக் கற்றுக் கட்டியது. தியோங் என்பது மலாய் மொழியில் மைனா. கேட்டதைக் கேட்டபடி சொல்லிப் பேசப் பழகும் பறவை. பெயர் வைத்தவர் மனத்தில் என்ன இருந்ததோ, மாணவக் கலத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. இவ்விரண்டு கலங்களையும் சுமந்துசென்ற திநெப்பர், அணுகுண்டு சுமப்பதற்காகச் சோவியத் படை செய்த ஏவுகணையின் மறுபிறப்பு.

மலேசியாவின் அடுத்த கலம் ராசாக்சாட். இதைக் கட்ட மலேசியர்களோடு துணைநின்றவர்கள், முன்பு சர்ரேக்கு மாணவராகச் சென்ற அதே கொரியர்களின் நிறுவனத்தார். பதினேழே ஆண்டுகளில் மாணவர் ஆசிரியராயினர். இந்தக் கலத்தின் கருத்து மிகக் கூர்மையானது. பூமியைப் படமெடுக்கும் துணைக்கோளங்கள் பெரும்பாலும் துருவங்களின் வழியே சுற்றுகின்றன. உலகம் முழுவதையும் பார்க்க அது நல்லது. ஆனால், ஒரே ஊரின்மேல் மீண்டும் வரச் சில நாள்கள் ஆகும். அந்த நாளில் நம் ஊரை முகில் மூடியிருந்தால் படமில்லை. நம் வட்டாரத்தில் முகில் மூடாத நாள் எது? ஆகவே நிலநடுக்கோட்டை ஒட்டியே, 9 பாகைச் சாய்வில் சுற்றவிட்டால், ஒரு நாளில் பத்துத் தடவைக்கும் மேல் நம் தலைக்குமேல் கடக்கும். முகில் விலகும் ஏதோவொரு வேளையில் படமெடுக்கலாம் என்று எண்ணினர். வல்லரசுகளுக்கு எழ வேண்டிய தேவையே இல்லாத எண்ணம் அது. வெப்ப மண்டலத்தில் வாழ்பவர்க்கே தோன்றும். 180 கிலோகிராம் எடையுள்ள அக்கலம் 2009 ஜூலை 14ஆம் நாள், பசிபிக் கடலிலுள்ள ஓமெலெக் தீவிலிருந்து ஃபால்கன் 1 ஏவுகலத்தில் சென்றது. அந்த ஏவுகலத்துக்கும் அதுவே இறுதிப் பயணம். கலமோ ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே செயலிழந்தது.

அன்று எழுந்த குறைகூறல்கள் நியாயமற்றவை என்று நான் சொல்லமாட்டேன். பொதுப் பணத்திற்குக் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆயினும் என் கருத்து வேறொன்றைப் பற்றியது. சர்ரேயில் முதல் கலத்திற்கும் இரண்டாவதற்கும் இடையே கழிந்தது இரண்டரை ஆண்டு. கொரியாவில் ஓராண்டு. மலேசியாவில் முதல் கலத்திற்கும் இரண்டாவதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். சிறு கலத்தின் ஆற்றல் அடுக்கடுக்காகச் செய்வதில் இருக்கிறது. இடைவெளி நீண்டால், முதல் கலத்தில் கற்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது கலம் மீண்டும் முதல் கலமாகிவிடுகிறது. கெட்டுப்போன கலத்தைவிட, கலைந்துபோன குழுவே பெரிய இழப்பு.

இதற்கிடையே கலிபோர்னியாவில் வேறொரு பாதை திறந்தது. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப் ட்விக்ஸுக்கு ஒரு வருத்தம் இருந்தது. மாணவர்கள் ஒரு துணைக்கோளத்தைத் தொடங்கினால், அது முடிவதற்குள் அவர்கள் படிப்பே முடிந்துவிடுகிறது. அதில் மேலும் மேலும் சேர்க்க இடம் இருப்பதே காரணம் என்று கண்டார். இடத்தைக் குறைத்தால்? பொம்மைக் கடை ஒன்றில், குட்டிப் பொம்மைகளைக் காட்சிக்கு வைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி அவர் கண்ணில் பட்டது. அந்த அளவே அளவாயிற்று. 1999இல் அவரும் கால் பாலி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்டி புய்க்-சுவாரியும் வகுத்த விதி இது: ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோகிராம். கியூப்சாட் எனப்படும் கனசதுரத் துணைக்கோளம் இதுவே.

பெட்டியைவிடப் பெட்டியைச் சுமக்கும் கூடே முதன்மையானது என்பது என் எண்ணம். ஏவுகல உரிமையாளருக்கு மாணவர் செய்த பொருளைக் கண்டால் அச்சம்: நடுவழியில் கழன்று, கோடிக்கணக்கில் விலையுள்ள முதன்மைக் கலத்தின்மேல் மோதினால் என்ன செய்வது? புய்க்-சுவாரி தம் மாணவர்களோடு வடிவமைத்த கூடு, மூன்று பெட்டிகளை உள்ளே அடைத்து, வானில் கதவு திறக்கும்வரை வெளியே எதையும் விடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஏவுகலத்தார் ஆராய வேண்டியதில்லை. கூட்டை நம்பினால் போதும். யாப்புக்கு அடங்கிய சீரைப்போல, அளவுக்கு அடங்கிய எந்தப் பெட்டியும் எந்தக் கூட்டிலும் பொருந்தியது.

2003 ஜூன் 30ஆம் நாள் ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து இவற்றின் முதல் தொகுதி சென்றது. டென்மார்க், கனடா, ஜப்பான், அமெரிக்கா எனப் பல நாட்டு மாணவர்களின் கலங்கள். அவற்றுள் டென்மார்க்கின் டிடியூசாட் ஒரு சொல்லும் பேசாமல் போயிற்று. டோக்கியோப் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய எக்ஸ்ஐ 4 இருபதாண்டைத் தாண்டியும் பேசிற்று. ஒரே ஏவுகலம், ஒரே அளவு, ஒரே நாள். மாணவக் கலங்களில் பல முதல் நாளிலிருந்தே மௌனமாகிவிடுகின்றன என்பதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. விரைந்து சொல்கிறேன். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் கட்டிய 40 கிலோகிராம் எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டிய முதல் துணைக்கோளம் அதுவே. சரியாக ஈராண்டு கழித்து, அதே தளத்திலிருந்து, சிங்கப்பூரில் கட்டப்பட்ட முதல் துணைக்கோளமான எக்ஸ்-சாட் சென்றது. 2015 டிசம்பர் 16ஆம் நாள் ஒரு பிஎஸ்எல்வி முழுவதும் சிங்கப்பூரின் ஆறு துணைக்கோளங்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் பெரியது 400 கிலோகிராம். கலாசியா என்னும் சிறியது மூன்றரைக் கிலோகிராம்கூட இல்லை. 2018 ஆகஸ்டில், மலேசிய மாணவர்கள் ஜப்பானில் பயின்று கட்டிய யூஐடிஎம்சாட் 1 என்னும் 10 சென்டிமீட்டர்ப் பெட்டி, பூட்டான், பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெட்டிகளோடு அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மார்கோ என்னும் இரு சிறு கலங்கள் செவ்வாயைக் கடந்தன. ஒவ்வொன்றும் கைப்பெட்டி அளவே. இன்சைட் என்னும் பெரிய கலம் தரையிறங்கிய நிமிடங்களை அவை உடனுக்குடன் பூமிக்கு அஞ்சல் செய்தன. அவற்றைத் திசைதிருப்பப் பயன்பட்டது தீயணைப்பான்களில் அடைக்கப்படும் வாயு.

குப்பையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆஸ்கார் 1 ஐம்பது நாளில் எரிந்தது. எக்ஸ்-சாட் சுற்றுவதோ 800 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில். அங்கே காற்றின் இழுவை மிகக் குறைவு. பணி முடிந்த பின்னும் அத்தகைய கலங்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். கலத்தின் விலையில் இதை எவரும் சேர்ப்பதில்லை.

நிறைவாக ஒரு கருவியின் கதை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தார், பின்னிப் பிணைந்த ஒளித்துகள்களை உருவாக்கும் ஆய்வுச் சாதனத்தைக் கியூப்சாட்டுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்க முயன்றனர். கம்பியிலோ அலையிலோ ஒட்டுக்கேட்க முடியாத செய்தித் தொடர்புக்கு அது ஒரு படி. ஆய்வுக்கூடத்தில் அத்தகைய கருவிக்கு ஒரு பெரிய மேசை வேண்டும். மேசை அசையவும் கூடாது. சுருக்கிய கருவியின் முதற்படி ஒன்று டென்மார்க் நாட்டுக் கியூப்சாட் ஒன்றினுள் வைக்கப்பட்டு, 2014 அக்டோபர் 28ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியக் கடற்கரையிலிருந்து அந்தாரெஸ் ஏவுகலத்தில் புறப்பட்டது. சில நொடிகளில் ஏவுகலம் வெடித்துத் தரையில் விழுந்து எரிந்தது.

இடிபாடுகளில் அந்தக் கியூப்சாட் கிடைத்தது. கருவியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து மின்னிணைப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். அது வேலை செய்தது. அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அடுத்த கருவி 2015இல் கலாசியாவில் சென்றது. அதற்கடுத்தது, 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஸ்பூக்கி 1 என்னும் கியூப்சாட்டில் சென்று, பிணைந்த ஒளித்துகள்களை விண்ணில் உருவாக்கிக் காட்டியது.